புள்ளியா, பூச்சியா? பூமலையில் ஒரு காலைப் பாடம்

எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் இரண்டு பனைத் தொட்டிகள் இருந்தன. இப்போது ஒன்றுதான் இருக்கிறது. மற்றதைக் கொன்றது நான்தான்.

பனை என்றதும் நுங்கு காய்க்கும் பனையை நினைக்க வேண்டாம். அலுவலக வரவேற்பறை, திருமண மண்டபம், வீவக வீட்டு வாசல் என்று சிங்கப்பூரில் எங்கும் பார்க்கிறோமே, மஞ்சள் தண்டும் வளைந்த ஓலையும் கொண்ட 'அரேக்கா' பனை, அதுதான். பெயர் அரேக்கா என்றாலும் வெற்றிலையோடு சேரும் பாக்கு இதில் காய்ப்பதில்லை. இது மடகாஸ்கரைச் சேர்ந்த வேறு வகை. இந்த வீட்டுக்குக் குடிவந்த வாரத்தில் அப்பா வாங்கி வந்தார். அது புதர்போல் அடர்ந்ததும் அம்மா பிரித்து இரண்டு தொட்டிகளில் வைத்தார். அப்பா போன பிறகு, காலையில் எழுந்ததும் அந்தத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதுதான் அம்மாவின் முதல் வேலை.

சென்ற ஆண்டு ஒருநாள் தற்செயலாக ஓர் ஓலையைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கத்தில், கீற்றின் நடுநரம்பு ஓரமாகப் பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னத் துணுக்குகள். செதில் பூச்சி என்று முடிவு கட்டிவிட்டேன். கைப்பேசியில் ஒரு காணொளியைப் பார்த்து, பாத்திரம் கழுவும் திரவத்தையும் சமையல் எண்ணெயையும் தண்ணீரில் கலக்கி, நல்ல உச்சி வெயிலில் மூன்று நாள் தெளித்தேன். ஓலை கருகியது. நோய் முற்றுகிறது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தெளித்தேன். கருகியதை எல்லாம் வெட்டினேன். ஒரு மாதத்தில் தொட்டியில் மண் மட்டும்தான் மிஞ்சியது. அம்மா எதுவும் சொல்லவில்லை. காலித் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

அண்மையில் அதே புள்ளிகளை இரண்டாவது தொட்டியிலும் பார்த்தேன். நான் குனிந்து பார்ப்பதைக் கண்டதும் அம்மா குறுக்கே வந்து நின்றுகொண்டார்.

"நீ கிட்ட வராதே லா. முதல்ல அது என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு வா."

தினமும் வானொலியில் ஊருக்கே பேசுகிறவளுக்கு, 'தெரிந்துகொண்டு வா' என்று வீட்டில் கேட்பது கொஞ்சம் சுடத்தான் செய்தது. ஆனால் நியாயம் அம்மா பக்கம். நோய்ப்பட்ட செடியை அடையாளம் காணக் கிளம்பிய எனக்கு, நோயில்லாத செடி எப்படி இருக்கும் என்றே தெரியாது. அதைப் பார்க்கச் சிங்கப்பூரில் ஓர் இடம் இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் அழைத்துக்கொண்டு பூமலைக்குப் போனேன்.

பனைகள் குடியிருக்கும் பள்ளத்தாக்கு

பூமலை 1859ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. 2015இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைத் தலமானது. நம்மில் பலருக்கு அது மெதுவோட்டம் ஓடும் இடம், பிள்ளைகளோடு அன்னப்பறவை பார்க்கும் இடம், வெளியூர் விருந்தினருக்கு ஆர்க்கிட் காட்டும் இடம். அந்த ஆர்க்கிட் தோட்டத்துக்குப் பக்கத்தில், ஒருபுறம் பழைய மழைக்காட்டின் ஓரம் தெரிய, மெல்லச் சரிந்து இறங்கும் புல்வெளிதான் பனைப் பள்ளத்தாக்கு. 1879இல் உருவாக்கத் தொடங்கியது. இன்று 220க்கும் மேற்பட்ட பனை வகைகள் அங்கே நிற்கின்றன. கீழே இசை மேடை ஏரி. கச்சேரி நாள்களில் பாய் விரித்து உட்கார்ந்திருப்போம். தலைக்கு மேல் நிற்பது என்ன மரம் என்று நான் ஒருநாளும் அண்ணாந்து பார்த்ததில்லை.

பனைகள் வரிசையாக நடப்படவில்லை. உறவுள்ளவை திட்டுத் திட்டாகச் சேர்ந்து நிற்கின்றன. "கல்யாண வீட்டுல சொந்தக்காரங்க கூடிக் கூடி உட்கார்ந்த மாதிரி," என்றார் அம்மா.

அம்மா பிறந்தது பேராக்கில், பாகான் டத்தோ பக்கத் தென்னந்தோட்டத்தில். எனக்கு ஓலை என்றால் ஓலைதான். அம்மாவுக்கு அதில் மட்டை வேறு, கீற்று வேறு, கீற்றின் நடுவில் ஓடும் ஈர்க்கு வேறு, நடுவில் ஈட்டிபோல் நிமிர்ந்து நிற்கும் குருத்து வேறு. மட்டையின் அடியில் சாக்குத் துணிபோல் சுற்றியிருந்ததைக் காட்டி, "அழுகிப்போச்சா?" என்று கேட்டேன். "அது பன்னாடை. எங்கம்மா அதுலதான் கள்ளு வடிகட்டுறதைப் பார்த்திருக்கேன்," என்று சிரித்தார். முதல் பாடம் அங்கேயே கிடைத்தது. எனக்குப் பெயர் தெரியாததை எல்லாம் நான் நோய் என்று நினைத்திருக்கிறேன்.

யாரும் கடிக்காத இலை

மீன்வால் பனை முன்னால் நின்றோம். அதன் கீற்றுகள் மற்றப் பனைகளைப்போல் நீண்டு கூராக இல்லை. மீனின் வால்போல் அகன்று, நுனியில் தாறுமாறாகக் கிழிந்திருக்கும். முதல்முறை பார்ப்பவர் கம்பளிப்பூச்சி மென்றுவிட்டது என்றே சொல்வார். நம் அடுக்குமாடிகளைச் சுற்றி வேலியோரம் வளர்க்கும் மெக்கார்தர் பனையும் இப்படித்தான். கீற்றின் நுனியை யாரோ பல்லால் கடித்துத் துப்பியதுபோல் இருக்கும். இரண்டும் பிறப்பிலேயே அப்படி.

எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு கீற்றை மட்டும் பார்க்கக் கூடாது. பக்கத்துக் கீற்று, பக்கத்து ஓலை, பக்கத்து மரம் என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். எல்லாவற்றிலும் அதே நுனி, அதே வடிவம். பசியோடு வரும் புழு இவ்வளவு ஒழுங்காக, ஒரு கீற்றும் விடாமல் சாப்பிடாது. இன்னொரு அடையாளம், ஓரத்தின் நிறம். பிறவி நுனி பச்சையாக, தைத்து முடித்ததுபோல் இருக்கும். கடிபட்ட இடம் காய்ந்து பழுப்பாகும்.

மரத்துக்கே உரிய இன்னும் சிலவும் நம்மைப் பயமுறுத்தும். குருத்து விரியும்போது ஓலையின் ஓரத்திலிருந்து காய்ந்த நாடாபோல் நீளமாகத் தொங்கும் நார், மடித்திருந்த கீற்றுகளைச் சேர்த்துப் பிடித்திருந்த விளிம்பு. தானாக விழுந்துவிடும். நியூ கலிடோனியாவைச் சேர்ந்த ஒரு பனை, புது ஓலையைச் செக்கச்செவேலென்று விரிக்கும். சில நாள்களில் அது பச்சையாகிவிடும். நம் வட்டாரத்துச் சதுப்புக் காடுகளின் பினாங் ராஜாவுக்கு மட்டையும் அதன் அடி உறையும் குங்குமச் சிவப்பு. பூமலையின் சின்னத்திலேயே அதுதான் இருக்கிறது. அதைப் பார்த்து யாரும் மருந்து தெளிக்கக் கிளம்பமாட்டார்கள். அழகாக இருப்பதை நாம் நோய் என்று சந்தேகிப்பதில்லை. பழுப்பும் வெள்ளையும்தான் நம்மிடம் மாட்டிக்கொள்கின்றன.

திருநீறு பூசிய தண்டு

வெள்ளைக்கு வருவோம். பல பனைகளின் தண்டிலும் மட்டையிலும் மெல்லிய வெள்ளைப் பொடி படிந்திருக்கும். விரலால் தடவினால் திருநீறுபோல் ஒட்டும். அது மெழுகு. வெயிலிலிருந்தும் நீரிழப்பிலிருந்தும் செடி தன்னைக் காத்துக்கொள்ளப் பூசிக்கொள்வது. கொண்டோமினியம் வாசல்களில் வெள்ளி நிறத்தில் விரிந்து நிற்கும் பிஸ்மார்க் பனைக்கு அந்த நிறத்தைத் தருவதில் மெழுகுக்குப் பெரிய பங்கு உண்டு. பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் ஓலை மெழுகைச் சுரண்டி எடுத்துத்தான் கார்னவுபா மெழுகு செய்கிறார்கள். நம் கார்களுக்குப் பளபளப்பு ஏற்றுவது அது. செடியைச் 'சுத்தம்' செய்கிறேன் என்று நாம் துடைத்தெடுப்பது அதன் சட்டையை.

இனிப் பழுப்பு. அதற்காகத்தானே வந்தோம்! நடைபாதை ஓரத்தில் எங்கள் வீட்டுத் தொட்டியில் இருக்கும் அதே அரேக்கா, ஆள் உயரத்துக்கு மேல் புதராக நின்றது. பூமலையில் எதையும் பறிக்கவோ கிழிக்கவோ கூடாது. நான் கீழே குந்தி, தாழ்ந்து வளைந்திருந்த ஓலையின் அடிப்பக்கத்தைக் கைப்பேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன்.

அதே புள்ளிகள். எங்கள் வீட்டில் நான் பார்த்த அதே பழுப்புத் துணுக்குகள், ஈர்க்கின் ஓரத்தில். அடுத்த கீற்றிலும் ஈர்க்கின் ஓரத்தில். அதற்கடுத்த ஓலையிலும். மஞ்சள் தண்டில் மிளகுப் பொடி தூவியதுபோல் கரும்புள்ளிகள், எல்லாத் தண்டுகளிலும். ஆனால் புதரோ கொழுகொழுவென்று நின்றது.

பனைக் குடும்பத்தில் இது சாதாரணம். ஓலை குருத்துக்குள் மடிந்திருக்கும் காலத்தில் அதை மூடியிருக்கும் மெல்லிய மயிரும் செதிலும், விரிந்த பிறகு காய்ந்து துணுக்குகளாக ஒட்டிக்கொண்டிருக்கும். பிறந்த குழந்தையின் உடம்பில் இருக்கும் பூனைமுடி மாதிரி. அது செடியின் உடம்பு.

அப்படியென்றால் சென்ற ஆண்டு நான் கொன்ற செடிக்கு ஒன்றுமே இல்லை. நான் எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அம்மாவும் குனிந்து திரையைப் பார்த்தார். "சரி, எழுந்திரு. கால் மரத்துப்போகும்," என்றார். அவ்வளவுதான்.

கத்தரித்த ஓலையின் ரகசியம்

ஏரிப் பக்கத்து இருக்கையில் ஓய்வெடுத்தபோது, பக்கத்தில் மூன்று இளைஞர்கள் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், ஞாயிறு ஓய்வுக்குப் பூமலை வந்தவர்கள். எங்கள் பேச்சு காதில் விழுந்திருக்க வேண்டும். ஒருவர் திரும்பி, "அக்கா, உங்க குரலை எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே," என்றார். வானொலிப் பேச்சு தென்னைப் பேச்சாக மாறியது. அவருக்குச் சொந்த ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம், தென்னை நாடு. இங்கே மரம் செடி பராமரிக்கும் வேலை.

நான் புதிதாகக் கற்ற பெருமையில், "ஒழுங்கா இருந்தா மரத்தோடது, தாறுமாறா இருந்தா பூச்சி, சரிதானே தம்பி?" என்றேன்.

"பாதி சரிக்கா," என்று கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். ஒரு தென்னை. அதன் ஓலையில் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் முக்கோண வெட்டுகள், இருபுறமும் ஒரே அளவில். தோரணம் கட்டக் காகிதத்தை மடித்து வெட்டுவோமே, அதே அழகு. "இது ஒழுங்காத்தானே இருக்கு? ஆனா இது காண்டாமிருக வண்டு."

விளக்கம் எளிமையானது. வண்டு இரவில் வந்து குருத்தைத் துளைக்கும். அப்போது ஓலை உள்ளே விசிறிபோல் மடிந்திருக்கும். ஓர் இடத்தில் துளைத்தால் போதும், எல்லா மடிப்பிலும் வெட்டு விழுந்துவிடும். ஓலை விரியும்போதுதான் நமக்குத் தெரியும். "நீங்க இன்னைக்குப் பார்க்கிற வெட்டு, எப்பவோ கடிச்சதுக்கா. அதனால வெட்டைப் பார்க்காதீங்க, குருத்தைப் பாருங்க. அங்க ஓட்டையும் மென்னு துப்பின நாரும் இருந்தா வண்டு இன்னும் உள்ள இருக்கு." தென்னைக்கும் பெரும்பாலான பனைகளுக்கும் ஒரு தண்டுக்கு ஒரே வளர்முனைதான். பக்கக்கிளை கிடையாது. குருத்தின் அடி போனால் அந்தத் தண்டு போனது.

அம்மா குறுக்கிட்டார். "எங்கப்பா கம்பியில கொக்கி பண்ணி வச்சிருப்பாரு. மரமேறி, குத்தி இழுத்துப் போடுவாரு."

"எங்க ஊர்லயும் அதேதாம்மா. வேப்பங்கொட்டைத் தூளையும் மணலையும் கலந்து குருத்துக்குப் பக்கத்து மட்டை இடுக்குல போடுவோம்." வண்டின் புழு வளர்வது மக்கும் மரத்துண்டிலும் எருக்குவியலிலும். அதனால் வெட்டிய தென்னைத் தண்டைத் தோட்டத்தில் அழுக விடக் கூடாது என்றும் சொன்னார். மலேசியாவில் தரைவீட்டில் தென்னை வைத்திருக்கும் உறவினர்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

என் விதியைத் திருத்திக்கொண்டேன். ஓர் ஓலைக்குள் ஒழுங்கு இருந்தால் போதாது. எல்லா ஓலைகளிலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மெக்கார்தர் பனையில் ஒவ்வோர் ஓலையும் அப்படித்தான். வண்டு வந்த தென்னையில் சில ஓலைகள் மட்டும்.

மஞ்சளைப் பற்றியும் கேட்டேன். அடி ஓலை ஒவ்வொன்றாக மஞ்சளாகிக் காய்வது முதுமை, பயப்பட வேண்டாம். பல அடி ஓலைகளில் ஒரே சமயத்தில் மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பொட்டுகள் தெரிந்தால் பெரும்பாலும் பொட்டாசியச் சத்துக் குறைவு. அதிலும் ஓலையை வெட்ட அவசரப்படக் கூடாது. செடி பழைய ஓலையிலிருந்து அந்தச் சத்தை இழுத்துத்தான் புது ஓலைக்குக் கொடுக்கிறது. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று வெட்டினால் அதன் சேமிப்பைப் பிடுங்குகிறோம்.

வீட்டில் தேர்வு

மாலையில் தாழ்வாரத்து விளக்கைப் போட்டுக்கொண்டு தொட்டி முன்னால் உட்கார்ந்தோம். இந்த முறை அம்மா தடுக்கவில்லை. பூதக்கண்ணாடி, வெள்ளைத் தாள், பஞ்சுக் குச்சி, அவ்வளவுதான் கருவிகள்.

ஈர்க்கு ஓரத்துப் புள்ளியை நகத்தால் மெல்லச் சுரண்டினேன். தேயிலைத் தூள்போல் காய்ந்து உதிர்ந்தது. ஈரம் இல்லை, கால் இல்லை. செதில் பூச்சியாக இருந்தால் சிறு ஓடு பெயர்ந்து, அடியில் மெத்தென்று ஈரமாக நசுங்கும். ஓலைக்குக் கீழே வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டினேன். விழுந்த துகள்கள் அசையவில்லை. அசைந்தால் சிலந்திப்பேன். மழை படாத தாழ்வாரங்களிலும் குளிர்சாதன அறைகளிலும் அது வரும். ஓலையின் மேற்பரப்பில் ஊசி குத்தியதுபோல் வெளிர்ப் பொட்டுகளும், இடுக்கில் மெல்லிய நூலாம்படையும் அதன் அடையாளம்.

எல்லாம் சரி என்று எழுந்திருக்கப் போனேன். அம்மா, "இந்த எறும்பு எங்க போகுது?" என்றார்.

தொட்டியின் விளிம்பிலிருந்து எறும்பு வரிசை ஒன்று தண்டில் ஏறிக்கொண்டிருந்தது. விளக்கொளியில் பின்தொடர்ந்தோம். ஒரு பழைய மட்டையின் அடி, தண்டோடு ஒட்டும் இடுக்கு. அங்கே வெள்ளையாக ஏதோ. 'மெழுகுதான்' என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் இது திருநீறுபோல் பரவலாக இல்லை. பஞ்சைக் கிள்ளி ஒட்டியதுபோல் ஒரே இடத்தில் குவிந்திருந்தது. பஞ்சுக் குச்சியால் தொட்டேன். ஒன்று மெல்ல நகர்ந்தது. மாவுப்பூச்சி.

அது சாற்றை உறிஞ்சி, இனிப்புப் பிசுக்கை வெளியே விடும். அந்தப் பிசுக்குக்குத்தான் எறும்பு வரும். அதில்தான் பின்னர் கரிபோல் பூசணம் படரும். ஆக, பூச்சி என்று நான் அலறியது பூச்சியில்லை. வெறும் தூசி என்று தாண்டிப் போகவிருந்ததுதான் பூச்சி.

இந்த முறை வாளி, எண்ணெய், உச்சி வெயில் எதுவும் இல்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் தேய்ப்பு ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்து, பூச்சி இருக்கும் இடத்தை மட்டும் தொட்டுத் துடைத்தோம். காய்ந்த மட்டையைக் கழற்றினோம். இடுக்கைத் தண்ணீரால் கழுவினோம். முட்டைகள் தப்பியிருக்கலாம் என்பதால் வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். ஓர் ஓலையில் சிவப்பு நூலைக் கட்டி, அதிலிருந்த பழுப்புப் புள்ளிகளைப் படமெடுத்து வைத்தேன். பூச்சியானால் அடுத்த வாரம் கூடும், இடம் மாறும். செடியின் உடம்பானால் அப்படியே இருக்கும்.

நான்கு வாரங்கள் ஆயின. ஈர்க்கு ஓரத்துப் புள்ளிகள் அப்படியே இருக்கின்றன. மாவுப்பூச்சி இரண்டாம் வாரம் இரண்டு தென்பட்டது, பிறகு இல்லை. நடுவில் புதிதாக ஒரு குருத்து வந்திருக்கிறது. அது நன்றாக விரிந்து, புதர் அடர்ந்தால், பிரித்து வைக்கலாம் என்கிறார் அம்மா. கவிழ்த்து வைத்த தொட்டியை நேற்று நிமிர்த்தி வைத்திருந்தார். தண்ணீர் ஊற்றும் வேலை இன்னமும் அவருடையதுதான். ஓலையைத் திருப்பிப் பார்க்கும் வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறார்.

போகிறவர்களுக்கு

பூமலை தினமும் காலை 5 மணி முதல் நள்ளிரவு 12 மணி வரை திறந்திருக்கும். நுழைவு இலவசம். ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் கட்டணம். பெரியவர்களோடு போனால் நசிம் வாயில் பக்கம் இறங்குவது நல்லது, நடை குறைவு. நடக்க விரும்புவோர் நேப்பியர் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி, தங்ளின் வாயில் வழியாக வரலாம். காலை வெயில் ஏறும் முன் போங்கள். குடையும் தண்ணீரும் கைப்பேசியும் போதும். இலையைப் பறிக்காதீர்கள், குனிந்து பாருங்கள். உங்கள் வீட்டில் என்ன பனை இருக்கிறதோ அதன் படத்தை எடுத்துக்கொண்டு போங்கள். அதே வகை அங்கே நலமாக நின்றால், உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.